கன்றுக்குட்டி நக்கிய சைக்கிள்

கண்ணு,

எஸ்.டி.டி. பூத்தில் பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, மீட்டர் ஓட ஓட, "சாப்பிட்டியா, உடம்பு நல்லாருக்குதா" என்பதற்கு மேல் எனக்கு வாயில் எதுவும் வருவதில்லை. நீயும் அங்கே மராட்டியத்தில் ஏதோ ஒரு ஊரில் போர்வெல் போடுகிற வண்டியோடு நின்றுகொண்டு "சொல்லும்மா, சொல்லும்மா" என்று அவசரப்படுத்துகிறாய். சொல்ல வேண்டியது போனில் அடங்காது. அதனால்தான் எட்டாவதோடு விட்ட எழுத்தை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். இது கையில் கிடைக்கும்போது போர் மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் மடித்துப் பையில் வை. மிஷின் நின்று, கைகாலைக் கழுவிவிட்டு, உட்கார்ந்து படி.

தலைத் தீபாவளிக்கு உனக்கு பைக் வேண்டும் என்று கோகிலாவிடம் சொல்லியிருக்கிறாயாமே. அவளாக என்னிடம் சொல்லவில்லை. போன வாரம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் துருவுவதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். "என்னடி" என்றேன். "ஒண்ணுமில்லீங்கத்தை" என்றாள். மறுபடி கேட்டேன். அப்புறம்தான் சொன்னாள். "உங்கப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "சரின்னுட்டாருங்க. ஒடனே சரின்னுட்டாரு." அந்த "ஒடனே"யைக் கேட்டதும் அவள் கையிலிருந்த மூடியை வாங்கி நானே துருவ ஆரம்பித்தேன். கொஞ்ச மானாவாரிக் காட்டையும் ரெண்டு ஆட்டையும் வைத்துக்கொண்டிருக்கிற மனுஷன், யோசித்துச் சொல்கிறேன் என்றால் நம்பலாம். உடனே சரி என்றால் உள்ளே எதையோ உடைத்துக்கொண்டுதான் சொல்கிறான் என்று அர்த்தம். நம் வீட்டில் உங்கப்பாவிடம் போய்ச் சொன்னேன். பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல், "ஊரு ஒலகத்துல இல்லாததையா கேட்டுப்போட்டான்" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு உனக்கு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எனக்கும் ஒரு தலைத் தீபாவளி வந்தது. நீ பிறப்பதற்கு முந்தின வருஷம். எங்கள் கல்யாணத்தில் என் மாமனார், உன் அப்பாரு, எதையும் கேட்கவில்லை. "எங்களுக்குப் பொண்ணுதானுங்க முக்கியம்" என்று பந்தலில் பத்துப் பேர் கேட்கச் சொன்னார். ஆவணியில் கல்யாணம். புரட்டாசி முடிவதற்குள், சந்தையில் என் அப்பாவைப் பார்த்து, "மாப்பிள்ளை தலைத் தீவாளிக்கு நடந்தா வருவாரு, சைக்கிள்ல வந்தாப் பாக்கறதுக்கு நல்லாருக்கும்ங்களே" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். கேட்கிற மாதிரியே இருக்காது, ஆனால் கேட்டாகிவிடும். அவர் சாமர்த்தியம் அது. உங்கப்பாவுக்கோ வெறும் சைக்கிள் போதாது. ராசிபுரத்தில் ஒரு நெய் வியாபாரி மகன் ஓட்டிய சைக்கிளைப் பார்த்துவிட்டு வந்து, வெயில் பட்டால் மயில் கழுத்து மாதிரி மினுங்குகிறது, அந்த மாதிரி ஒன்று என்று என்னிடம் ஆசையாகச் சொன்னார். புதுப்பெண்டாட்டி நான். புருஷன் ஆசைப்படுவதைக் கேட்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாமகிரிப்பேட்டைக்கு, எங்கள் வீட்டுக்குப் போனபோது சிரித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னேன். அப்பாவும் உடனே சரி என்றார்.

அந்த வீட்டில் அப்போது அப்பாவும் என் தம்பியும் மட்டும்தான். அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். அப்பாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மூட்டை சுமந்து சுமந்து கேரியர் ஒரு பக்கம் சாய்ந்து, கறுப்புப் போய்த் துருவே நிறமாகிவிட்ட சைக்கிள். ஆனால் பிரேம் கெட்டி. புதிதுக்கு வழியில்லை. கிழங்கு விற்ற பணம் என் கல்யாணத்துக்கே போய்விட்டிருந்தது. அப்பனும் மகனும் பேசி, இருப்பதைப் புதிதாக்கிவிடலாம் என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள். நாமக்கல் பக்கம் போனால் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் வெளியே தெரிந்துவிடும் என்று பயம். மஞ்சள் மூட்டை அடுக்குகிற அறைக்குள் சைக்கிளைக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார்களாம். இதையெல்லாம் என் தம்பி எனக்கு ரொம்ப வருஷம் கழித்துச் சொன்னான்.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துருவை ஊறவைத்து, உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். லாரிப் பட்டறையில் மிஞ்சிய பச்சைப் பெயிண்டை யாரிடமோ வாங்கி அடித்தார்கள். பச்சையாக ஆனது, மினுங்கவில்லை. மினுங்குவதற்குத்தான் காக்காப்பொன். நம் காட்டுப் பாறை ஓரங்களில் தகடு தகடாக உரிந்து கிடக்குமே, நீகூடச் சின்ன வயதில் டவுசர் பையில் போட்டு என் துணி வெளுக்கிற கல்லெல்லாம் மினுங்க வைத்தாயே, அதுதான். அப்பா அதைப் பொறுக்கி வந்து அம்மியில் அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் சலித்தாராம். பெயிண்டில் கலந்தால் முங்கிப்போய்விட்டது. வார்னிஷில் கலந்தால் மஞ்சள் பூத்து மங்கிவிட்டது. அப்போதுதான் என் தம்பிக்கு அந்தப் புத்தி வந்தது. அவன் கிழங்கு மில்லில் வேலை செய்தான். மில்லில் மாவுக் கஞ்சி தரையில் சிந்திக் காய்ந்தால் கண்ணாடி மாதிரி நிற்கும், சுரண்டினாலும் வராது. அதைத் தினமும் பார்க்கிறவன். கிழங்கு மாவைக் காய்ச்சி, தச்சன் மரம் ஒட்டுகிற வச்சிரப் பசையைக் கரைத்து ஊற்றி, பூசணம் பிடிக்காமல் இருக்கக் கைப்பிடி உப்பும் போட்டு, காக்காப்பொன் தூளைக் கலந்து, பச்சைக்கு மேலே துணியால் ஒற்றி ஒற்றிப் பூசிவிட்டான். நிழலில் காய்ந்ததும் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்களாம். அப்படி ஒரு மினுமினுப்பு. நெய் வியாபாரி மகனின் சைக்கிள் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

தீபாவளியன்று உங்கப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்ததும் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். உங்கப்பா முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் சொல்ல முடியும். சந்தனம் வைக்கச் சொன்னார்கள். நான் தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை ஹேண்டில்பாரின் நடுவில் வைத்தேன். விரலை எடுக்கும்போது வழுக்கியது. விரலில் சந்தனத்தோடு பளபளப்பும் வந்துவிட்டது. மூக்கருகே கொண்டுபோனேன், கஞ்சி வாசம். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்புகிற நேரத்தில் என் பக்கமாக வந்து மெதுவாக, "தண்ணி மட்டும் படாமப் பாத்துக்க சாமி. தை மாசத்துக்குள்ள அப்பன் வேற ஏற்பாடு பண்ணிப்போடறேன்" என்றார். ஐப்பசி மாசத்தில் தண்ணீர் படாமல் ஒரு சைக்கிளைக் காப்பாற்றச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

வழியெல்லாம் கேரியரில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். உங்கப்பா பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினார். ஒரு சொட்டு என் கையில் விழுந்தது. முந்தானையை எடுத்து அவர் இடுப்புப் பக்கமாகப் பிரேமின் மேல் போர்த்தினேன். அவர் அதை என் ஆசை என்று நினைத்துக்கொண்டு திரும்பிச் சிரித்தார். நல்லவேளை, மழை ஏமாற்றிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தெருவே கூடிப் பார்த்தது. உன் அப்பாரு அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "சம்மந்தி பரவாயில்லீங்கோ" என்றார். ராத்திரி மழை வந்தாலும் வரும் என்று நான்தான் உங்கப்பாவிடம் சொல்லி அதைக் கட்டுத்தரையில் கூரைக்கடியில் நிறுத்த வைத்தேன். மழைக்குப் பயந்தேன். மாட்டைப் பற்றி நினைக்கவே இல்லை.

விடிந்து சாணி அள்ளப் போனால், எருமைக்கன்று கயிற்றை எட்டுமட்டும் இழுத்துக்கொண்டு நின்று சைக்கிளை நக்கிக்கொண்டிருந்தது. கஞ்சியும் உப்பும் அதற்கு விருந்து. ஹேண்டில்பார், நடுக்கம்பி, மட்கார்டு என்று நாக்கு எட்டிய இடமெல்லாம் நக்கி முடித்திருந்தது. மினுமினுப்பு போய், பச்சையும் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து, பழைய துரு வெளியே வந்திருந்தது. கன்றின் மூக்கும் வாயும் மட்டும் ஜிகினா ஒட்டின மாதிரி மின்னியது. நான் அதை இழுத்துக் கட்டுவதற்குள் பின்னால் உன் அப்பாரு வந்து நின்றுவிட்டார். அவர் கத்தவில்லை. கத்துகிற ஆளாக இருந்திருந்தால் ஊர் சமாதானம் பண்ணியிருக்கும். "ஏம்மா, உங்கூட்டுச் சைக்கிளக் கன்னுக்குட்டி தின்னுபோட்டுதே, வாய்க்கு ருசியா இருந்திருக்குமாட்ட" என்றார். பக்கத்து வீட்டு ஆட்களையும் கூப்பிட்டுக் காட்டினார். முந்தின நாள் ஆச்சரியப்பட்ட அதே ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பொடியன் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

சொல்லி அனுப்பி அப்பாவை வரவழைத்தார்கள். அவர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உன் அப்பாரு கட்டிலில் உட்கார்ந்தபடி, "ஏனுங்க சம்மந்தி, நாங்க மாட்டுக்குத் தவுடு கேக்கலீங்களே, மாப்பிள்ளைக்குச் சைக்கிள்தானுங்க கேட்டோம்" என்றார். அப்பா, "தப்புத்தானுங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க, புதுசு வாங்கித் தாரேனுங்க" என்றார். "அதுக்கென்னங்க அவசரம், மெதுவா வாங்குங்க. அதுவரைக்கும் பொண்ணும் உங்கூட்டுலயே இருக்கட்டுமுங்க" என்றார் உன் அப்பாரு. கடைசிவரை "ங்க" போட்டே பேசினார். அந்த மரியாதையை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பு எரிகிறது. உங்கப்பா எங்கே இருந்தார் என்று கேட்பாய். கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். "உடுங்கப்பா, பழசானா என்ன" என்று ஒரு வார்த்தை. அவர் வெளியே கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவும் நானும் நடந்து திரும்பினோம். அப்பா சைக்கிளை ஏறி ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டே வந்தார். பாதி வழியில், தீபாவளியன்று வராமல் ஏமாற்றிய மழை வந்தது. மிச்சம் இருந்த பூச்சு கரைந்து வெள்ளை வெள்ளையாகச் சக்கரத்தில் ஒழுகியது. ஒதுங்கலாம் என்றேன். "இனி நனைஞ்சா என்ன சாமி" என்றார். அந்தத் தூறலோடு அந்த வருஷத்து மழை முடிந்துவிட்டது. தை பிறப்பதற்குள் கிணறெல்லாம் வற்றி, எங்கே பார்த்தாலும் கிணறு வெட்டு. தோட்டா வைத்துப் பாறையை உடைத்து ஆழப்படுத்தினார்கள். அந்த வேலைக்குக் கூலி அதிகம். திடகாத்திரமான இளவட்டங்கள் இறங்குகிற குழி அது. என் அப்பாவுக்கு முழங்காலில் வாதம், மேடு ஏறினாலே இளைக்கும். அவர் இறங்கினார். வேண்டாம் என்று நானும் தம்பியும் எவ்வளவோ சொன்னோம். "வயித்துப்புள்ளையோட எம்பொண்ணு இங்க உக்காந்திருக்குது. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் ஊட்டுல கெடக்கட்டும்" என்பார். அந்த வயிற்றில் இருந்தவன் நீ.

பங்குனியில் ஒரு நாள், முந்தின நாள் வைத்த தோட்டாக்களில் ஒன்று வெடிக்காமல் பாறைக்குள் கிடந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. அப்பா கடப்பாரையைப் போட்ட இடம் அதுதான். இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது. என்னை முகத்தைப் பார்க்க விடவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அப்புச்சி கிணற்று வேலையில் தவறிவிட்டார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், அது பொய்யில்லை. அந்த வயதில் அவர் ஏன் கிணற்றுக்குள் இருந்தார் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கிணற்றுக்காரர் சாவுக்கென்று கொடுத்த பணத்தைத் தம்பி கருமாதிக்குக்கூடத் தொடவில்லை. சேலத்துக்குப் போய்ப் புதுச் சைக்கிள் ஒன்று வாங்கிவந்து, உன் அப்பாரு வீட்டு வாசலில் நிறுத்தி ஸ்டாண்டு போட்டுவிட்டு, "எங்கக்காவக் கூட்டிக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

சித்திரையில் உங்கப்பா அந்தச் சைக்கிளில் என்னைக் கூட்டிப்போக வந்தார். பூ வாங்கி வந்திருந்தார். நான் எழவு வீட்டில் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏறி உட்கார்ந்தேன். வேறு எங்கே போவது? தம்பியின் கூலியில் நானும் நீயும் எத்தனை நாளைக்கு? இறக்கம் வந்ததும் உங்கப்பா திரும்பி, "நல்லா ஓடுது புள்ள, காத்தாட்டம் போகுது" என்றார். அவர் என்னைச் சமாதானப்படுத்தத்தான் ஏதோ பேசினார் என்று பிறகு பல வருஷம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். இருக்கலாம். ஆனால் அந்த இறக்கத்தில் அவர் மேல் இருந்த ஏதோ ஒன்று எனக்குள் செத்துவிட்டது. இத்தனை வருஷமும் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன், காய்ச்சல் என்றால் கண் விழித்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. என்மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. பேச வேண்டிய நேரத்தில் பேசவில்லை, அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" ஒரு ஆளைக் கிணற்றில் இறக்கியது.

நீ அரைப் பெடல் போட்டுப் பழகியது அந்தச் சைக்கிளில்தான். முழங்காலைப் பேர்த்துக்கொண்டு வந்து, "அம்மா, பேலன்ஸ் வந்துருச்சு" என்று நீ கத்தியபோது நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை என்று பல நாள் குறைப்பட்டிருக்கிறாய். என்னால் வர முடியவில்லை, கண்ணு. உன் மாமன் ஏன் நம் வீட்டு வாசப்படி ஏறுவதில்லை, கெடாவெட்டு என்றாலும் கல்யாணம் என்றாலும் ஏன் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான் என்றும் கேட்டிருக்கிறாய். திமிர் என்று உங்கப்பா சொல்லியிருக்கிறார். திமிர் இல்லை. அந்தக் கஞ்சியைக் காய்ச்சியவன் தான்தான் என்று அவன் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் எத்தனை தடவை இல்லையென்று சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறான். சைக்கிள் கேட்டவர்கள் எல்லாம் நிம்மதியாகத் தூங்கினார்கள், காய்ச்சினவனுக்குத் தூக்கம் போய்விட்டது.

உனக்குப் புத்தி சொல்ல நான் பெரிய படிப்பாளி இல்லை. பெண் வீட்டில் கொடுப்பதை வாங்கக் கூடாது என்றுகூடச் சொல்ல மாட்டேன். பலகாரமும் துணியும் கொடுப்பார்கள், வாங்கிக்கொள், சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு வா. ஆனால் இல்லாதவனிடம் போய் ஒன்றைக் கேட்டால், அதை அவன் எங்கிருந்து எடுத்துத் தருவான் என்று கேட்கிறவன்தான் யோசிக்க வேண்டும். கொடுக்கிறவன் யோசிக்க மாட்டான். பொண்ணைப் பெற்றவனுக்கு அந்த நேரத்தில் யோசனை ஓடாது. காக்காப்பொன்னும் கஞ்சியும் வைத்துச் சைக்கிள் செய்கிற அளவுக்குத்தான் ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் உன் மாமனாரைப் பார்த்துப் பேசிவிட்டு வரலாம் என்று போனேன். பைக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பையன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான் என்று நானே சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். வீட்டில் சம்மந்தியம்மா மட்டும் இருந்தார். ஆடு இரண்டையும் காணோம். "அவரு இல்லீங்களே. போர் போடற திருச்செங்கோட்டு ரிக்கு வண்டி ஒண்ணுல ஏறிப் போயிட்டாருங்க. ஆந்திராப் பக்கமாமுங்க. தீவாளிக்குள்ள பைக்குக்கு முன்பணத்தோட வந்தர்றேன்னு சொன்னாருங்க" என்றார். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். கோகிலாவுக்கே தெரியாது. நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ பார்க்கிற அதே வேலைதான், அது எப்படிப்பட்டது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பைப் மாட்டுகிற இடத்தில் விரல் போனவர்களைப் பற்றி நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். பதினெட்டு வயதுப் பையன்களே பாதியில் ஓடி வந்துவிடுகிறார்கள் என்று நீயே சிரித்திருக்கிறாய். அவருக்கு வயது என்ன ஆகிறது என்று உனக்குத் தெரியும். எந்த வண்டி, எந்த ஊர் என்று கண்டுபிடிப்பது எனக்குத்தான் கஷ்டம், உனக்கு இல்லை. நாலு டிரைவர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும். லீவு கேள், கொடுக்காவிட்டால் வேலையை விடு. போ. போனதும் கோபமாகப் பேசாதே, முதலில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடு. அவர் வரமாட்டேன் என்பார். எந்த மூஞ்சியோடு வாரது மாப்பிள்ளை என்பார். என் அப்பனும் அதைத்தான் சொன்னார், அப்போது அவர் கையைப் பிடித்து மேலே இழுக்க ஒரு மருமகன் வரவில்லை.

உன் மாமனார் இன்னும் உயிரோடு இருக்கிறார், சாமி. கிளம்பு.

அம்மா